ஜூனோஸின் பைபாஸ் ஆப்டிமைஸ் டைமர்: போடலாம், ஆனால் எஸ்ஆர்எல்ஜி எழுதிய பிறகு

எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில் (பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டி, போட்டுவைத்த பாதையில் அனுப்பும் நெட்வொர்க்) வேலை பார்க்கிறவர்களிடம் ஃபாஸ்ட் ரீரூட் (லிங்க் அறுந்தால் உடனே பேக்அப் பாதைக்குத் திருப்பும் ஏற்பாடு) போட்டிருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். சரி, அந்த பேக்அப் பாதைகள் இன்றைக்கு எந்தெந்த ஊர் வழியாகப் போகின்றன என்று கேட்டால் பாதிப் பேர் லேப்டாப்பைத் திறப்பார்கள். மீதிப் பேர் டீ குடிக்கப் போகலாமா என்பார்கள். பேக்அப் பாதையை முதல் நாள் ரவுட்டர் கணக்குப் போட்டு அமைத்துவிடும். அதன் பிறகு நெட்வொர்க்கில் புது லிங்க் வரும், பழைய லிங்க் போகும், மெட்ரிக் (லிங்குக்கு வைக்கும் விலை எண்) மாறும். பேக்அப் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஃபைபர் அறுபடும் வரை யாருக்கும் தெரியாது.

ஜூனிபர் ரவுட்டர்களின் இயங்குதளமான ஜூனோஸில் இதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. ஆர்எஸ்விபி (எம்பிஎல்எஸ் பாதைகளை அமைக்கும் புரோட்டோகால்) இன்டர்ஃபேஸின் லிங்க்-புரொடெக்ஷன் பகுதியில் ஆப்டிமைஸ்-டைமர் என்று ஒரு வரி. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பைபாஸ் பாதையை, அதாவது லிங்கைச் சுற்றிப் போகும் பேக்அப்பை, மறுபடி கணக்கிட்டு, நல்லதாக ஒன்று கிடைத்தால் அதற்கு மாற்றிவிடும். ஒரே வரிதான். ஆனால் அதைப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, முக்கியமாக எஸ்ஆர்எல்ஜி (ஒரே குழியில் போகும் லிங்குகளைக் குழுவாக எழுதுவது) என்பதால் இந்த விமர்சனம்.

நான் ஓட்டிப் பார்த்தது விஜூனோஸ்-ரவுட்டரில். ஜூனிபர் 2023-இல் லேப் வேலைக்கென்று இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த மெய்நிகர் ரவுட்டர் அது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 ஜிபி ரேம் கேட்கும். உள்ளுக்குள் இன்னொரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டுவதால் லேப்டாப்பின் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டு அவஸ்தைப்படாதீர்கள். நேரடியாக லினக்ஸ் போட்ட பழைய சர்வர் ஒன்று கிடைத்தால் அதில் கன்டெய்னர்லேப் (லேப் நெட்வொர்க் கட்டும் கருவி) வைத்து ஏற்றுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாதையை ரவுட்டர் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பார்க்க இது அருமையான சாமான். எத்தனை மில்லிசெகண்டில் மாறுகிறது என்று இதில் அளந்து யாரிடமும் காட்டாதீர்கள். ஹார்டுவேர் இல்லாத இடத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஃபாஸ்ட் ரீரூட்டுக்கான தர ஆவணம், 2005 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 4090, இரண்டு முறைகளைச் சொல்கிறது. ஒன்றில், ஒவ்வொரு எல்எஸ்பிக்கும் (லேபிள் பாதைக்கு இதுதான் பெயர்) வழிநெடுக ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனி டீடூர், அதாவது சுற்றுப் பாதை, போடும். ஒரு எல்எஸ்பி தொடும் ரவுட்டர்களின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவு வரை டீடூர்கள் வரலாம், அதனால் எல்எஸ்பி பெருகப் பெருக ரவுட்டரின் தலையில் சுமை ஏறும். இன்னொன்றில், ஒரு லிங்கையோ ஒரு ரவுட்டரையோ சுற்றிப் போக ஒரே ஒரு பைபாஸ். அந்த லிங்க் வழியாகப் போகும் எல்லா எல்எஸ்பிகளும் அதையே பகிர்ந்துகொள்ளும். அறுந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் ரவுட்டர், அதாவது பிஎல்ஆர், பாக்கெட்டின் தலையில் இன்னொரு லேபிளை ஏற்றி பைபாஸில் தள்ளிவிடும். அந்தப் பக்கம் மெர்ஜ் பாயிண்டில் அது பழைய பாதையோடு சேர்ந்துவிடும். இன்று பெரும்பாலான இடங்களில் ஓடுவது இந்த இரண்டாவது முறைதான், நானும் அதைத்தான் பார்த்தேன்.

லேபில் ரவுட்டர்களுக்கு ஆர்1, ஆர்2 என்று பெயர் வைத்தால் எனக்கு மண்டை குழம்பும். அதனால் ஊர்ப் பெயர்கள். சென்னை, வேலூர், சேலம், கோவை, திருச்சி. மெட்ரிக்கும் ஏறக்குறைய சாலைத் தூரத்தை ஒட்டியே, பத்து கிலோமீட்டருக்கு ஒன்று என்று: சென்னை–வேலூர் 14, வேலூர்–சேலம் 20, சேலம்–கோவை 16, சென்னை–திருச்சி 33, திருச்சி–சேலம் 14, திருச்சி–கோவை 21. சென்னையிலிருந்து கோவைக்கு ஒரு எல்எஸ்பி. வேலூர், சேலம் வழியாகப் போனால் 50, திருச்சி வழியாகப் போனால் 54. ஆக, எல்எஸ்பி வேலூர் வழியைப் பிடித்தது. லிங்க் பாதுகாப்பு மட்டும் கேட்டிருந்தேன்.

வேலூர்–சேலம் லிங்குக்கு வேலூர் ரவுட்டர் போட்ட பைபாஸைப் பாருங்கள்: வேலூரிலிருந்து திரும்பச் சென்னை, அங்கிருந்து திருச்சி, அப்புறம் சேலம். மொத்தம் 61. அந்தச் சமயத்தில் வேறு வழி இல்லாததால் அது சரியான பாதைதான். ஆனால் லிங்க் அறுந்தால் சென்னையில் கிளம்பிய பாக்கெட் வேலூர் வரை போய், மறுபடி சென்னைக்கே வந்து, பிறகு திருச்சி கிளம்பும். சென்னை–வேலூர் லிங்கின் இரண்டு திசையிலும் அதே டிராஃபிக் ஓடும். ஃபைபரில் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோசெகண்ட் என்று வைத்தால் வழக்கமான 500 கிலோமீட்டருக்கு 2.5 மில்லிசெகண்ட், இப்படிச் சுற்றிப் போகும் 910 கிலோமீட்டருக்குச் சுமார் 4.5 ஆகும். தாமதம் பெரிய விஷயமில்லை. லிங்கில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது ஒரு புது ரவுட்டர் சேர்த்தேன்: திருவண்ணாமலை. வேலூரோடு 8, சேலத்தோடு 15. எல்எஸ்பியின் முதன்மைப் பாதை அசையவில்லை, ஏனென்றால் நேர் லிங்க் 20, இந்த வழி 23. ஆனால் பைபாஸுக்கு இது வரப்பிரசாதம்: 61 எங்கே, 23 எங்கே! பைபாஸ் நகர்ந்ததா? இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் சென்னை வழியாகவே நின்றது. இது கோளாறு இல்லை. ஜூனோஸில் இந்த டைமரின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது அணைந்தே இருக்கும். டீடூர் முறைக்கு ஆர்எஸ்விபியின் ஃபாஸ்ட்-ரீரூட் பகுதியில் தனியாக ஒரு டைமர் உண்டு, அதுவும் இயல்பில் அணைந்தே வரும். முதன்மை எல்எஸ்பிக்கான டைமரும் அப்படியே.

டைமரைப் போட்டவுடன் வேலை சுத்தம். நேரம் வந்ததும் கணக்குப் போட்டது, திருவண்ணாமலை வழியாகப் புதுப் பாதையைப் போட்ட பிறகே பழையதை எடுத்தது. இந்த வரிசை முக்கியம். இந்த வசதி தெரியாத பலர் கையால் பைபாஸை அழித்துவிட்டு, ரவுட்டர் அதை மறுபடி போடும்படி செய்வார்கள். அழித்ததற்கும் புதிது வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்த லிங்கில் போகும் எல்லா எல்எஸ்பிகளும் பாதுகாப்பில்லாமல் நிற்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதால் அந்தப் பழக்கம் போகவும் மாட்டேன் என்கிறது.

பைபாஸில் டிராஃபிக் ஓடுவதே சில விநாடிகள்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிஎல்ஆர் டிராஃபிக்கைத் திருப்பியதும் எல்எஸ்பி தொடங்கும் ரவுட்டரான ஹெட்-எண்டுக்கு ஒரு தகவல் போகும்: பாத்எரர் என்ற பிழைச் செய்தி, எண் 25, உட்பிரிவு 3, ‘டனல் இங்கே தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது’ என்று. ஹெட்-எண்ட் புதுப் பாதை தேடி அதற்கு மாறிக்கொள்ளும். தேடிக் கிடைத்தால்! எல்எஸ்பியில் பேண்ட்வித் நிபந்தனை பெரிதாக இருந்து, மிச்சமிருக்கும் லிங்குகளில் அந்த இடம் இல்லை என்றால் ஹெட்-எண்ட் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும், டிராஃபிக் பைபாஸிலேயே மணிக்கணக்கில் ஓடும். பைபாஸோ இயல்பில் பூஜ்ய பேண்ட்வித் ஒதுக்கீட்டில் போட்டது. போகும் வழியில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே போட்டது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதுதான் நடந்தது. பெயர் வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட் தம்பி போன் போட்டான். “சார், கட் ஆகி பேக்அப்ல போயிடுச்சு, டிராஃபிக் எல்லாம் ஓடுது, ஆனா கஸ்டமர் கத்துறாங்க.” பிங் போகிறது, அலாரம் ஒன்றுதான், எல்லாம் பச்சை. போன் பேச்சு மட்டும் வெட்டி வெட்டிக் கேட்கிறது. பைபாஸ் போகும் வழியைப் பார்த்தால், எப்போதோ போட்ட நீளமான சுற்று; அதில் ஒரு லிங்க் ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. பக்கத்திலேயே காலியான புது லிங்க் ஒன்று இருந்தது, அதை எந்த பைபாஸும் தொடவில்லை. ஃபைபர் ஸ்பிளைஸ் முடியும் வரை அப்படியே ஓட்டினார்கள்.

ஆகவே டைமர் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். மறு கணக்குப் போடும்போது ரவுட்டர் எதைத் தேடும்? மெட்ரிக் குறைந்த பாதையை. மெட்ரிக் குறைந்த பாதை எங்கே இருக்கும்? பெரும்பாலும் முதன்மைப் பாதைக்குப் பக்கத்திலேயே. பக்கத்தில் இருக்கிற ஃபைபர் பல நேரம் அதே குழியில், அதே டக்டில்தான் (ஃபைபர் போகும் குழாய்) போகும். ஜேசிபி ஒரு வாளி மண்ணை அள்ளினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

என் லேபில் அதையும் செய்து பார்த்தேன். வேலூர்–சேலம் ஃபைபரும் வேலூர்–திருவண்ணாமலை ஃபைபரும் வேலூர் ஊரை விட்டு வெளியேறும் வரை ஒரே டக்டில் போவதாகக் கற்பனை. நிஜத்தில் ஊர் எல்லை, பாலம், ரயில்வே கிராசிங் இந்த மூன்று இடங்களில் எந்த ஊரிலும் இது சகஜம். இரண்டு லிங்கையும் ஒரே நேரத்தில் இறக்கினேன். டைமர் போடுவதற்கு முன் இருந்த நீளமான பைபாஸ், சென்னை வழியாகச் சுற்றியாவது டிராஃபிக்கைக் காப்பாற்றியிருக்கும். டைமர் ‘நல்ல’ பாதைக்கு மாற்றிய பிறகு லிங்கும் போச்சு, பைபாஸும் போச்சு. ஹெட்-எண்ட் தானாகப் புதுப் பாதை போடும் வரை கோவைக்கு எதுவும் போகவில்லை. பழைய சோம்பேறி பைபாஸ் தற்செயலாகப் பாதுகாப்பாக இருந்தது. சுறுசுறுப்பான டைமர் அந்தத் தற்செயலைக் கெடுத்தது.

இதற்குத்தான் எஸ்ஆர்எல்ஜி. ஒரே டக்டில் போகும் லிங்குகளுக்கு ஒரே குழு எண் கொடுப்பது. இரண்டு லிங்குக்கும் குழுவை எழுதினேன். இதுதான் பலர் ஏமாறும் இடம். குழுவை எழுதிவிட்டால் போதும், ரவுட்டர் அந்த லிங்கைத் தவிர்த்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்க்ளூட்-எஸ்ஆர்எல்ஜி என்ற வரியைத் தனியாகப் போடாவிட்டால், ஜூனோஸ் அந்த லிங்கை ஒதுக்காது. குழுவுக்கு நாம் வைத்த விலையை மெட்ரிக்கோடு கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கூட்டிய பிறகும் அது மலிவாக இருந்தால் அதையே எடுக்கும். என் கணக்கில் 61-க்கும் 23-க்கும் வித்தியாசம் 38. விலை 10 என்று வைத்தால் பைபாஸ் அதே டக்டில் சொகுசாக உட்காரும். லிங்க்-புரொடெக்ஷனுக்குள் எக்ஸ்க்ளூட் வரியைப் போட்ட பிறகுதான் அடுத்த சுற்றில் பைபாஸ் சென்னை வழிக்குத் திரும்பியது. நீளமான பாதை, ஆனால் இந்த முறை வேண்டுமென்றே எடுத்தது.

எக்ஸ்க்ளூட் போட்டால் இன்னொரு விளைவு: தவிர்க்கப் போய் வேறு பாதையே இல்லை என்றால் பைபாஸே வராது. ஒரே டக்டில் போனாலும் பரவாயில்லை, ரவுட்டரின் கார்டு போனாலாவது காப்பாற்றும் என்று நினைக்கிற இடங்களில் விலையைப் பெரிதாக வைத்துவிட்டு எக்ஸ்க்ளூட் போடாமல் விடுவதே மேல். இது ஒவ்வொரு லிங்காக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

இதெல்லாம் டக்ட் விவரம் சரியாகத் தெரிந்தால். நம் ஊரில் ஃபைபரை வாடகைக்கு எடுப்பவருக்கு வரைபடம் என்று ஒன்று தருவார்கள். இரண்டு கோடுகள் அழகாகத் தனித்தனியாகப் போகும். அந்த மாதிரி இரண்டு ‘தனித்தனி’ பாதைகள் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரே குழாயில் போனதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்களிடம் கேட்டால், அந்தப் பக்கத்தில் வேறு வழி இல்லை சார் என்றார்கள். அதை வரைபடத்தில் சொல்லியிருக்கலாமே! ஃபைபர் ரோந்து போகும் ஆட்களோடு ஒரு நாள் பைக்கில் போய்விட்டு வந்து எஸ்ஆர்எல்ஜி எழுதுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது வேலைக்கு ஆகாது.

அடுத்து நோட் பாதுகாப்பு, அதாவது ரவுட்டரே போனாலும் காப்பாற்றுவது. இதில்தான் டைமர் மேல் எனக்கு மனத்தாங்கல், ஆனால் தப்பு டைமரிடம் இல்லை. எல்எஸ்பியில் லிங்க் பாதுகாப்புக்குப் பதிலாக நோட்-லிங்க் பாதுகாப்பு கேட்டால், வேலூர் ரவுட்டர் சேலத்தையே தாண்டிப் போகும் பைபாஸைத் தேடும், மெர்ஜ் பாயிண்ட் கோவை. என் படத்தில் அது வேலூர்–சென்னை–திருச்சி–கோவை, மொத்தம் 68. திருவண்ணாமலை வேலூரை விட்டால் சேலத்தோடு மட்டுமே இணைந்திருப்பதால் அந்த பைபாஸுக்கு அது எந்த உதவியும் செய்யாது. டைமர் எத்தனை முறை ஓடினாலும் 68-தான். வேலூர்–சேலம் ஃபைபர் மட்டும் அறுந்து சேலம் ரவுட்டர் கல் மாதிரி நின்றாலும், டிராஃபிக் சென்னைக்குத் திரும்பிப் போய்த்தான் வரும். ஏனென்றால் போனது லிங்கா ரவுட்டரா என்று அந்த நொடியில் பிஎல்ஆருக்குத் தெரியாது, நோட் பைபாஸ் இருந்தால் அதைத்தான் எடுக்கும். புது லிங்க் வாங்கிக் கொடுத்த மேனேஜருக்கு இதைப் புரிய வைப்பது தனிக் கலை. ஃபைபர் அறுவது வாராவாரம் நடக்கும், ரவுட்டர் முழுதாகப் படுப்பது அபூர்வம் என்கிற நெட்வொர்க்கில் எல்லா எல்எஸ்பிக்கும் கண்ணை மூடிக்கொண்டு நோட் பாதுகாப்பு கேட்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எந்த பாதுகாப்பு கிடைத்திருக்கிறது என்பதை ஹெட்-எண்டிலிருந்தே பார்க்கலாம். ஆர்எஸ்விபியின் ரெசவ் (பதில்) செய்தியில் வரும் பாதைப் பதிவில் ஒவ்வொரு ரவுட்டரும் கொடி காட்டும்: பாதுகாப்பு இருக்கிறது, இப்போது பயன்பாட்டில் இருக்கிறது, பேண்ட்வித் பாதுகாப்பு உண்டு, நோட் பாதுகாப்பு உண்டு என்று நான்கு. டைமர் ஓடிய பிறகு இந்தக் கொடிகள் மாறியிருக்கிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து ஒப்பிடுங்கள்.

டைமருக்கு எவ்வளவு வைப்பது? உச்ச வரம்பு 65,535 விநாடிகள், அதாவது 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தினம் ஒரு முறை, விடியற்காலையில் என்று வைக்க முடியாது. யார் இப்படி யோசித்தார்களோ! லிங்குகள் தினமும் மாறாத நெட்வொர்க்குக்கு 43,200, அதாவது 12 மணி நேரம், தாராளம். ஐந்து நிமிடம் என்று வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு லிங்க் ஆடிக்கொண்டே இருந்தால் பைபாஸும் கூடவே ஆடும், நமக்கு லாக் படிப்பதே வேலையாகிவிடும்.

சிஸ்கோ பக்கம் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். அங்கே பேக்அப் டனலும் ஒரு டிஇ (டிராஃபிக் இன்ஜினியரிங்) டனல்தான், மறு கணக்கு இயல்பிலேயே 3,600 விநாடிக்கு ஒரு முறை ஓடும். அதோடு புரொமோஷன் டைமர் என்று இன்னொன்று, இயல்பில் 300 விநாடி: ஒரு எல்எஸ்பிக்கு இப்போதிருப்பதை விட நல்ல பேக்அப் டனல் வந்திருக்கிறதா என்று பிஎல்ஆர் பார்த்துக்கொள்ளும். இயல்பிலேயே ஓடவிட்டிருப்பதில் அவர்களுக்குத்தான் மதிப்பெண். ஆனால் அங்கேயும் பேக்அப் டனலுக்குக் கையால் ஒவ்வொரு ஹாப்பும் எழுதிப் பாதை கொடுத்திருந்தால் எந்த டைமரும் அதை நகர்த்தாது. அப்படி எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார், பாதை மட்டும் இருக்கும்.

புதிதாக நெட்வொர்க் கட்டுபவர்கள் ஆர்எஸ்விபி தேவைப்படாத செக்மென்ட் ரவுட்டிங்கில் டிஐ-எல்எஃப்ஏ (அதன் பேக்அப் முறை) போட்டால் இந்தத் தலைவலியே பெரும்பாலும் இல்லை. ஐஜிபி (நெட்வொர்க்கின் உள் ரவுட்டிங் புரோட்டோகால்) ஒவ்வொரு முறை கணக்குப் போடும்போதும் பேக்அப்பும் கூடவே புதிதாகக் கணக்காகும். பழையதாகிக் கிடக்க வழியே கிடையாது. ஆனால் அங்கேயும் டக்ட் விவரத்தை எழுதாவிட்டால் பேக்அப் அதே குழிக்குள் போகும்.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு மூன்றரை. செய்யும் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. இயல்பில் அணைந்திருப்பதற்கும் அந்த 18 மணி வரம்புக்கும் ஒன்றரையைப் பிடித்துக்கொண்டேன். பல வருடமாக ஓடும் நெட்வொர்க்கில் முதல் முறை போடப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எல்லா ரவுட்டரிலும் ஒரே நாளில் போடாதீர்கள், முதல் சுற்றில் வருடக் கணக்கில் தேங்கிய மாற்றமெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு ரவுட்டரில், மெயின்டனன்ஸ் நேரத்தில் போடுங்கள். முன்னால் எந்த பைபாஸ் எந்த வழி என்று பட்டியல் எடுத்து வைத்து, ஓடிய பிறகு இன்னொன்று எடுங்கள். இடம் மாறிய ஒவ்வொரு வரியையும் ஃபைபர் ஆட்களிடம் காட்டி, இது எந்த டக்ட் என்று கேட்டுவிட்டு அடுத்த ரவுட்டருக்குப் போங்கள்.